நோயில்லாதவருக்கு லேகியம் கிடையாது

முதலில் அச்சுக் கோர்க்கும் நண்பரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். போன வாரம் நான் அனுப்பிய தாள்களைப் படிக்க அவர் பூதக்கண்ணாடி வாங்கியதாக ஆசிரியர் எழுதியிருந்தார். என் கையெழுத்து அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த 'ர' எங்கே வரும் என்பது எனக்கு இன்னும் குத்துமதிப்புதான். ஒன்று தப்பான இடத்தில் வந்திருந்தால் தயவுசெய்து மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். சரியானது அந்தத் தாளிலேயே வேறு எங்காவது இருக்கும்.

இந்த வாரம் லேகியம்.

ஹைதராபாத் மல்காஜ்கிரியில் வைத்தியர் ஆவுடையப்பன் வீட்டுக் கொல்லை. தீபாவளிக்கு முந்தின நாள் காலை. கல் அடுப்பின் மேல் பெரிய உருளி. நான் மரத்துடுப்பால் கிண்டிக்கொண்டிருக்கிறேன். சுக்கும் திப்பிலியும் வெல்லப்பாகில் விழுந்து, மூக்கில் ஏறுகிற வாசனை. தும்மல் வந்தாலும் கையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அடிபிடித்துவிடும்.

எனக்கு எதிரே, கொய்யா மரத்திலிருந்து வாசல் வரைக்கும் ஒரு வரிசை. எங்கள் தொழிற்சாலைக் காலனித் தமிழ் ஜனங்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கிண்ணம். ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு வலி.

வலி எல்லாம் அன்று காலைதான் வந்திருந்தது.

வரிசையில் முதலில் நின்றவன் தேவராஜ். தொழிற்சாலைப் பந்தயங்களில் எடை தூக்கிக் கோப்பை வாங்குகிறவன். வைத்தியர் அவன் மணிக்கட்டைப் பிடித்து, கண்ணை மூடி, நாடி பார்த்தார்.

"உமக்கு ஒண்ணும் இல்லவே. குதிரை மாதிரி இருக்கீரு. வீட்டுக்குப் போவும்."

"நல்லா பாருங்க ஐயா. இந்தப் பக்கம் லேசா குத்துது."

"எந்தப் பக்கம்?"

தேவராஜ் கையை இடது விலாவில் வைத்தான். யோசித்து வலது விலாவுக்கு மாற்றினான். "எந்தப் பக்கம் குத்தினா லேகியம் குடுப்பீங்க?" என்று கேட்டான்.

வைத்தியர் அவனை ஓரமாக உட்காரச் சொன்னார். தன் உடம்பு நன்றாக இருக்கிறது என்று கேட்டு அவ்வளவு துக்கப்பட்ட மனிதனை நான் பார்த்ததில்லை.

ஏன் இந்த வரிசை

ஊரை விட்டு வந்த தமிழர்களுக்கு ஹைதராபாத்தில் எல்லாம் கிடைத்தது. தீபாவளி லேகியம்தான் கிடைக்கவில்லை. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, பலகாரத்தில் கை வைக்கும் முன் ஒரு உருண்டை லேகியம் உள்ளே போகாவிட்டால் எங்கள் ஆட்களுக்குப் பண்டிகையே இல்லை. அரைக்கவும் கிண்டவும் எல்லா வீட்டிலும் பொறுமை ஏது? அதனால் வருஷா வருஷம் ஆவுடையப்பன் கிண்டுவார், காலனி வாங்கிப் போகும்.

அவர் திருநெல்வேலிப் பக்கம். பதிவு பெற்ற சித்த வைத்தியர். கண்டந்திப்பிலியும் சித்தரத்தையும் ஊரிலிருந்து பார்சலில் வரும். மற்றதெல்லாம் பேகம் பஜாரில். பொய் சொல்லி மருந்து கொடுத்தால் மருந்து கேட்காது என்பது அவர் கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் அந்த வருஷம் அது எங்களைப் படாத பாடு படுத்தியது.

யாரோ ஒரு மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டார்கள். ஒரு வீட்டுக் கொல்லையில் லைசென்ஸ் இல்லாமல் மருந்து தயாராகிறது என்று. மருந்து இன்ஸ்பெக்டர் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். மெலிந்த மனிதர். சித்தூர்ப் பக்கத்துக்காரர், ஹைதராபாத்தில் படித்தவர். அவருக்குத் தமிழ் வரும். ஆனால் தெலுங்கின் தோளில் ஏறி, ஹிந்தியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

மருந்து தயாரித்து விற்க லைசென்ஸ் வேண்டும், அதற்குத் தனிக் கட்டடம் வேண்டும், இன்னின்ன வசதி வேண்டும் என்றார். வைத்தியரிடம் இருந்த வசதி ஒரு கொய்யா மரம்.

வைத்தியரும் சட்டம் தெரிந்தவர். "சார், பதிவு பெற்ற வைத்தியன் தன் சொந்த நோயாளிக்குத் தானே தயார் பண்ணிக் குடுக்கலாம். அதுக்கு லைசென்ஸ் வேண்டாம்னு விலக்கு இருக்குல்லா?"

இன்ஸ்பெக்டர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "ஹவ், இருக்கு" என்று ஒப்புக்கொண்டார். "அப்போ தீவாளி முந்தின நாளு நான் வர்றேன். வாங்கறவங்க எல்லாரும் உங்க பேஷண்ட்டா இருக்கணும். ஒருத்தர் இல்லன்னாலும் பாத்திரம் சீல். மேல ரிப்போர்ட்டு போவும்."

ரிப்போர்ட் போனால் வைத்தியர் பதிவு போகும். பதிவு போனால் அந்த வயதில் அவர் என்ன செய்வார்? காலனி கூடிப் பேசியது. எல்லோரும் நோயாளி ஆகிவிடுவது என்று முடிவாயிற்று.

வைத்தியர் அதற்கு ஒரு நிபந்தனை போட்டார். "வரட்டும், பாக்கேன். நாடியில இருந்தா லேகியம். நோயில்லாதவருக்கு லேகியம் கிடையாது."

நோய் தேடிய காலனி

அந்த ஒரு வாரம் காலனியில் கேட்ட பேச்சை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். தண்ணீர்க் குழாயடியில், ரேஷன் கடையில், எங்கும் இதே பேச்சு. உனக்கு என்ன, எனக்கு இது, உன்னுடையதை நான் சொல்லலாமா.

தீபாவளிக்கு முந்தின நாள் வரிசையிலும் அது ஓயவில்லை. காமாட்சியம்மாளும் அவர் மருமகளும் அடுத்தடுத்து நின்றார்கள். மருமகள் முந்திக்கொண்டு, தனக்கு வாயுத் தொல்லை என்று வைத்தியரிடம் சொல்லிவிட்டாள்.

"ஏன்டீ, வாயு இந்த வீட்டுல எனக்குத்தானே. நேத்து வந்தவ அதையும் எடுத்துக்கிட்டா நான் எதச் சொல்லி நிக்கிறது?" என்றார் காமாட்சியம்மாள்.

"நீங்க மூட்டுவலி சொல்லுங்க அத்தே. அது உங்களுக்கு நல்லா வருது."

"மூட்டுவலிக்கு இந்த லேகியம் கேக்காது" என்றார் வைத்தியர், கண்ணைத் திறக்காமலே.

யூனியன் தலைவர் ராகவன், நிர்வாகத்தின் போக்கால் தனக்குச் செரிமானம் கெட்டுவிட்டது என்று அறிவித்தார். "நிர்வாகத்தையும் கூட்டிட்டு வாரும், சேத்து நாடி பாப்பம்" என்றார் வைத்தியர்.

ஒரு சின்னப் பெண் மட்டும் அம்மா கையை உதறிக்கொண்டு உண்மையைச் சொன்னாள். இங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் தமிழ் புரிந்துகொள்ளும், பதில் ஹிந்தியில் சொல்லும். "பேட் மே தர்த்" என்றாள், வயிற்றுவலி என்று. பண்டிகைக்கு வைத்திருந்த லட்டு டப்பாவை முந்தின நாளே பாதி காலி பண்ணியிருந்தாளாம். வைத்தியர் சந்தோஷமாகக் கிண்ணத்தை வாங்கி வைத்துக்கொண்டார். அந்த வரிசையில் முதல் உண்மையான நோயாளி.

இன்ஸ்பெக்டர் கொய்யா மர நிழலில் இரும்பு நாற்காலி போட்டு, சட்டப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் சங்கதி

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கூச்சம்தான் சங்கதியே.

எனக்கு அப்போது வாய் இருந்தது, பேச்சு இல்லை. பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தால் இறங்கவேண்டும் என்று சொல்ல வெட்கப்பட்டு, யாராவது இறங்குகிற இடம் வரைக்கும் போவேன். அங்கிருந்து நடந்து வருவேன். தொழிற்சாலை கேன்டீனில் பரிமாற வைத்துப் பார்த்துவிட்டு, இவன் சரிப்படமாட்டான் என்று பின்கட்டில் உப்புமா அண்டா கிண்டப் போட்டுவிட்டார்கள்.

அம்மா அப்பா இல்லை. அக்கா வீட்டில் இருந்தேன். அக்காதான் பெண் பார்த்திருந்தாள். பெயர் சரோஜா. அதற்கு முன் ஒரு கல்யாணப் பந்தியில் அவளைப் பார்த்திருந்தேன். சாம்பார் என்று குரல் கொடுக்க வெட்கப்பட்டு, கரண்டியால் வாளியைத் தட்டிக்கொண்டே போனேன். எல்லோரும் முறைத்தார்கள். அவள் ஒருத்தி சிரித்தாள். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. ஆனால் அதை யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது?

அவள் அப்பா முனுசாமி, ஹப்சிகுடாவில் ஒரு அரசாங்க ஆய்வுக்கூடத்தில் ராத்திரிக் காவலர். அவர் போட்ட ஒரே கண்டிஷன், மாப்பிள்ளை நோய் நொடி இல்லாதவனாக இருக்கவேண்டும். அவருடைய மூத்த மாப்பிள்ளை கல்யாணத்தன்றே கஷாயம் குடித்துக்கொண்டு மணையில் உட்கார்ந்தவர். "எங்க கன்னியப்பன் கல்லு மாதிரி. ஒரு நாள் தலைவலின்னு படுத்ததில்ல" என்று அக்கா சத்தியம் செய்திருந்தாள். தீபாவளியன்று குடும்பத்தோடு வந்து என்னைப் பார்ப்பதாக ஏற்பாடு.

அவர் ஒரு நாள் முன்னதாகவே, தனியாக, விசாரிக்க வந்துவிட்டார். பையன் வைத்தியர் வீட்டில் இருக்கிறான் என்று யாரோ சொல்ல, நேராக அங்கே வந்தார். வந்த இடத்தில் லேகியம் என்றதும், வரிசையின் கடைசியில் அவரும் நின்றுகொண்டார். இது எதுவும் எனக்குத் தெரியாது. நான் கிண்டிக்கொண்டிருந்தேன்.

இது கார்கானா

லேகியம் இறுகத் தொடங்கிய நேரம் இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார்.

"வைத்தியரே, இந்த மனிசன் எவரு? காலையிலேருந்து இவருதானே கிண்டறாரு."

"ஆமா."

"நீங்களே தயார் பண்ணணும்னுதானே விலக்கு இருக்கு? ஆளு வெச்சு செஞ்சா இது வைத்தியம் நை, கார்கானா. கார்கானாக்கு லைசென்ஸ் ஓணும்."

கார்கானா என்றால் தொழிற்சாலை. சட்டம் உண்மையிலேயே அப்படித்தான் சொல்கிறதா, அவர் படித்தது அப்படியா, எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் வரிசை மொத்தமும் என் பக்கம் திரும்பியது. நோய் கண்டுபிடிக்க ஒரு வாரம் பாடுபட்டவர்கள். என்னை யாரும் நினைக்கவே இல்லை.

வைத்தியர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சொன்னார்: "அவன் ஆள் இல்ல சார். என் நோயாளி. கிண்டுறதுதான் அவனுக்கு நான் குடுத்த மருந்து."

"என்ன பீமாரி? என்ன நோவு?"

"கூச்சம்."

எனக்கே அது அப்போதுதான் தெரியும். அதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் அக்கா என்னை அவரிடம் கூட்டிப் போய், இவன் யாரிடமும் பேசுவதில்லை என்று அழுதிருந்தாள். அவர் பொடியும் தரவில்லை, மாத்திரையும் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கொல்லைக்கு வந்து மருந்து கிண்டச் சொன்னார். கிண்டுகிறவனால் எழுந்து ஓட முடியாது, வருகிறவர்கள் பேச்சுக் கொடுத்தே தீருவார்கள், இவனும் என்றாவது ஒரு நாள் பதில் சொல்வான் என்பது அவர் கணக்காம். நான் அவருக்கு ஆள் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "உங்க பேரு என்ன?"

என் பெயர் எனக்குத் தெரியும். அது தொண்டை வரைக்கும் வந்து, அங்கே உட்கார்ந்துகொண்டது. நான் வேகமாகக் கிண்டினேன். அவர் காத்திருந்தார். நான் இன்னும் வேகமாகக் கிண்டினேன்.

"பாவம். ரொம்ப முத்திப்போயிருக்கு" என்று சொல்லி அவர் நாற்காலிக்குத் திரும்பினார். வரிசையில் இருந்தவர்கள் கிண்ணத்தைத் தட்டிச் சந்தோஷப்பட்டார்கள்.

அப்போது கடைசியிலிருந்து ஒரு குரல் முன்னால் வந்தது.

இரண்டு கட்சி

"இன்னாய்யா இது. இதான் கன்னியப்பனா? கல்லு மாதிரின்னு அவங்க அக்கா சொல்லிச்சி. இங்க பார்த்தா வைத்தியரு பேஷண்ட்டுன்றாரு, சர்க்காரு ஆளு முத்திப்போச்சின்றாரு. ஏற்கனவே ஒருத்தன் கஷாயத்தோட கெடக்கறான். இன்னொருத்தனுக்கு நான் எங்கய்யா போவேன்?"

முனுசாமி என்று அவரே சொல்லிக்கொண்டார். வேறு பலதும் சொன்னார். அவர் மூச்சு விடுகிற இடமே தெரியவில்லை. சரோஜா கையை விட்டுப் போகிறாள் என்பது மட்டும் புரிந்தது.

அவர் உருளிக்கு எதிரே வந்து நின்றார். "பாரு தம்பி. எனக்கு ஒரே வார்த்தை. என் பொண்ண கட்டிக்க உனக்கு சம்மதமா?"

நான் தலையை ஆட்டினேன்.

"அதெல்லாம் நக்கோ. பெரியவனும் தலையத்தான் ஆட்டினான். வாயத் தொறந்து சொல்லு. சொன்னா நாளைக்கு வரோம். இல்லன்னா இப்பவே கெளம்பறேன்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

என் நிலைமையைப் பாருங்கள். வாயைத் திறந்தால் நோய் போய்விடும். நோய் போனால் நான் நோயாளி இல்லை, வேலையாள். வேலையாள் கிண்டினால் அது கார்கானா. வைத்தியருக்கு ரிப்போர்ட். வாயைத் திறக்காவிட்டால் சரோஜா போய்விடுவாள்.

"சொல்லாதடா, லேகியம் போயிடும்" என்றான் தேவராஜ்.

"லேகியம் கெடக்கட்டும். நீ சொல்லுப்பா, பொண்ணு போயிடும்" என்றார் காமாட்சியம்மாள்.

"பத்து பேரு வயித்துக்காக ஒருத்தன் கொஞ்சம் வாய மூடிட்டு இருக்கக் கூடாதா?"

"உங்க வயிறு வருஷா வருஷம் இருக்கு. அவனுக்கு இன்னொரு பொண்ணு யாரு குடுக்கறது?"

வரிசை இரண்டாகப் பிரிந்துவிட்டது. ராகவன் கை தூக்கச் சொல்லி ஓட்டு எடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னார். நான் வைத்தியரைப் பார்த்தேன். அவர் கொய்யா மரத்தில் காய் எண்ணுகிற மாதிரி மேலே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "என் பாடு என்னோட. நீ உன் பாட்டப் பாருலே" என்றார்.

"சம்மதம்" என்றேன்.

அது எந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் என்று நானே திரும்பிப் பார்த்தேன். மூன்று வீடு தள்ளியிருந்த அக்காவுக்குக் கேட்டதாம்.

குணமான பிறகு

இன்ஸ்பெக்டர் எழுந்தார். "வைத்தியரே, உங்க பேஷண்ட்டு குணமாயிட்டாரு."

"ஆமா சார். இந்த நிமிசம்." வைத்தியர் என்னிடம் திரும்பினார். "கன்னியப்பா, துடுப்பக் கீழ வையி. குணமானவனுக்கு இங்க வேலை இல்ல."

வைத்துவிட்டேன். அவரே குனிந்து கிண்ட ஆரம்பித்தார். இரண்டு சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஓரத்தில் நெய் பிரிந்து வருகிற பதம். அந்தப் பதத்தில் கை தளர்ந்தால் எல்லாம் கரிதான். லேசாகத் தீய்ந்த வாசனை வந்தது. உதவிக்கு ஓடிவந்த தேவராஜை இன்ஸ்பெக்டர் ஒரு விரலால் நிறுத்தினார்.

முனுசாமி மட்டும் பேச்சை நிறுத்தவில்லை. "ஐயா, அடிபிடிக்குது, விறக இழுங்க. எங்க ஊர்ல இப்டிதான் ஒரு தபா பொங்கலு தீஞ்சி போச்சி, அந்தக் கதைய கேளுங்க..."

வைத்தியர் ஒரு கையால் துடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "நீர் எப்பவும் இப்படித்தான் பேசுவீரா?"

"ராத்திரி டூட்டில பேச ஆளு கெடையாதுங்க. அதனால பகல்ல சேத்து..."

"சாப்பிடுதப்பவும் பேச்சா?"

"வேற எப்ப பேசறது?"

"ஏப்பம்?"

முனுசாமி பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஏப்பமே பதிலாக வந்தது.

"பேச்சோட காத்தையும் சேத்து முழுங்குதீரு. அது வயித்துல நிக்குது. நாடி சொல்லுது. இது நோய்தான் சார்" என்று வைத்தியர் இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொன்னார். "மருந்து ஒரு கிண்ணம் லேகியம். அதுக்கு முன்னால, வாயத் தொறக்காம உருளிய இறக்குத வரைக்கும் கிண்டணும். இந்தாரும்."

துடுப்பு கைமாறியது. இன்ஸ்பெக்டர் புத்தகத்தைத் திறந்தார். ஒரு பக்கம் படித்தார். முனுசாமியைப் பார்த்தார். இன்னொரு பக்கம் படித்தார். பிறகு புத்தகத்தை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, "நல்ல டிரீட்மெண்ட்டு" என்றார்.

என் மாமனார் கிண்டினார். வியர்வை மூக்கு நுனியில் சொட்டத் தயாராக நின்றது. ஒரு வார்த்தை இல்லை. தன் அப்பா அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்று என் வீட்டுக்காரி சொல்வாள்.

மற்றவர்களுக்கும் கிடைத்தது. தேடினால் மனித உடம்பில் நோய்க்கா பஞ்சம்? காமாட்சியம்மாளுக்கு வாயுவே நிலைத்தது. மருமகளுக்கு அத்தையால் வந்த பசியின்மை. தேவராஜ், லேகியம் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற கவலையில் முந்தின நாளிலிருந்து சாப்பிடாமல் கிடந்ததால் வயிறு உண்மையாகவே எரிந்தது. நாடியில் அது தெரிந்ததும் அவன் அழுதுவிட்டான்.

என் முறை வந்தபோது வைத்தியர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையை விட்டார். "உனக்கு ஒண்ணும் இல்லலே. வீட்டுக்குப் போ."

மறுநாள் விடியற்காலை, ஊரில் எல்லோரும் லேகியம் தின்ன, நான் வெறும் வயிற்றில் அதிரசம் தின்றேன். பத்து மணிக்கெல்லாம் வயிறு கல்லாகிவிட்டது. அந்த வயிற்றோடுதான் மாப்பிள்ளையாக உட்கார்ந்தேன். பெரியவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள். பேசியது பெரும்பாலும் மாமனார்தான்.

சரோஜா வாசல் பக்கம் வந்து ஒரு சின்ன டப்பாவை நீட்டினாள். "அப்பாவுக்குக் குடுத்த மருந்து. உங்களுக்குக் கெடைக்கலையாமே."

ஒரு நோயாளியின் மருந்தை இன்னொருவர் சாப்பிடக் கூடாது என்று வைத்தியர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். இதற்கு எந்தச் சட்டத்திலும் விலக்கு இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"இன்னும் வேணுமா?" என்றாள்.

"வேணும்" என்றேன், வாயைத் திறந்துதான்.

இதை எழுதி முடித்தது 1988 செப்டம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை.